எட்டாம் பெட்டி

அறுநூற்றுப் பதினொன்று.
பதவி உயர்வுக் குழுவுக்கு இந்த எண் வேண்டுமாம்:
டாக்டர் தேஷ்னி அப்பாவுவின் ஒரே ஒரு கட்டுரையை
உலகம் இதுவரை மேற்கோள் காட்டிய தடவைகள்.
எல்லாவற்றையும் அச்சிட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடு என்றார்கள்.
என் வேலை உறைபெட்டிகளைப் பார்ப்பது.
நூலகத்துப் பெண் பிரசவ விடுப்பில் போனதால்
இதுவும் என் தலையில்.

டர்பனில் பிப்ரவரி. காற்று
ஈரத்துணி போல முகத்தில் ஒட்டுகிறது.
மாடியில் பத்துப் பெட்டிகள், மைனஸ் எண்பது.
உள்ளே உம்லாசியிலிருந்து வந்த இரத்தம்:
காசநோயாளியோடு ஒரே அறையில் படுத்து
ஒரே கோப்பையில் குடித்து
ஒரு இருமல்கூட வராதவர்களுடையது.
நர்ஸ் நொம்புசோ அந்த ஐஸ்பெட்டியை மடியில் வைத்து
டாக்சியில் வருவார்.
"மேலே சாயாதீர்கள், இதில் ஆட்கள் இருக்கிறார்கள்" என்பாராம்.

கட்டுரை சொன்னது இவ்வளவுதான்:
நோய் அண்டாத இவர்களிடம்
ஒருவகை டி-செல் அநேகமாக இல்லவே இல்லை.
காவலாள் குறைந்த வீட்டில்தான் களவு போகவில்லை.
படம் மூன்று, கீழ்மூலையில் ஏழெட்டுப் புள்ளிகள்.
அதற்காக ஜெனீவாவுக்கு இரண்டு முறை அழைத்தார்கள்.

அச்சிட அச்சிட வாசித்தேன், வேறென்ன செய்ய.
பாதிப்பேர் அவரைக் கூட்டத்தில் நிறுத்தியிருந்தார்கள்,
பதினான்கு முதல் இருபத்தொன்பது வரை ஒரே அடைப்புக்குறிக்குள்,
மாலை நேர டாக்சியில் நெருக்கி ஏற்றியது போல.
ஒருவர் அவரை எலிகளை ஆராய்ந்தவர் ஆக்கினார்.
ஒன்பது பேர் பெயரை 'அப்பாவோ' என்று எழுதினார்கள்,
ஒருவரைப் பார்த்து ஒருவர்.
மேற்கோளுக்குள் ஒரு கோள் இருக்கிறது.
அதுவும் காற்றில் பரவுகிறது.

ஐந்நூற்று எண்பதாவது, கம்பாலா.
நலுபேகா என்ற ஆய்வு மாணவி.
முந்நூற்று நாற்பது பேர். அன்றெடுத்த இரத்தம்,
உறைய வைக்காமல், சூடு ஆறுவதற்குள்.
அந்த செல்கள் இருக்கின்றன. எல்லாரிடமும். ஏராளமாக.
உறைந்து, பாதி இளகி, மறுபடி உறைந்தால்
முதலில் சாகிறவை அவைதாம்.

அச்சுப்பொறியை நிறுத்தினேன்.

இரண்டாயிரத்து எட்டு, ஜனவரி.
மின்வெட்டு எங்களுக்குப் புதிது அப்போது.
ஜெனரேட்டர் இருமியது, பிடிக்கவில்லை.
மூன்று மணி நேரம்.
எட்டாம் பெட்டி மைனஸ் ஐம்பத்திரண்டு.
இரவுப்பணியில் இருந்தது நான்.
பதிவேட்டில் பென்சிலால் எழுதினேன்,
பேனா சட்டைப்பையில்தான் இருந்தது.

காகிதத்தோடு அவர் அறைக்குப் போனேன்.
கால் ரொட்டிக்குள் பீன்ஸ் கறி, விரலெல்லாம் மஞ்சள்.
"நேற்றே படித்துவிட்டேன்" என்றார்.
"உயிரோடுதான் இருந்திருக்கின்றன, பார்த்தாயா?
இல்லாத ஒன்று எப்படி ஒருவரைக் காக்கும் என்று
எத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன்!"
அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.
எட்டாம் பெட்டி, என்று தொடங்கினேன்.

அவர் கை கழுவிவிட்டு வந்து
கட்டுரையின் பின்னிணைப்பைத் திறந்தார்.
முப்பத்தொன்றாம் பக்கம், அடிக்குறிப்பு நான்கு:
என் பென்சில் வரி, தேதியோடு, வெப்பநிலையோடு.
"அது காரணமா என்று எனக்குத் தெரியவில்லை.
தெரியாததை எங்கே வைப்பது? கீழே வைத்தேன்."
பிறகு கம்பாலாவின் நன்றியுரையைக் காட்டினார்.
நான் அதுவரை போகவில்லை.
முப்பத்தொன்றாம் பக்கத்து நான்காம் குறிப்பைக் கண்டுதான்
இந்த ஆய்வைத் தொடங்கினோம், என்றிருந்தது.

அறுநூற்றுப் பதினொரு பேரில்
அவ்வளவு ஆழம் இறங்கியவள் ஒருத்தி.

எதிர்ப்பொருள் என்பது கிருமிக்கு எதிராக
உடம்பு செய்துகொள்வது என்றுதான் நினைத்திருந்தேன்.
ஒரு கட்டுரையும் தனக்கு எதிரானதைத்
தானே உள்ளே விதைத்து வைக்கும் போல.

"கம்பாலாவை முதலில் வை" என்றார். வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை குழுவிலிருந்து போன்:
இவரைத் தவறென்று சொல்லும் கட்டுரை
இவருடைய கோப்பில் ஏன் முதல் பக்கம்?
வரிசையை மாற்ற முடியுமா?
மாடியில் அலாரம் அடிக்கத் தொடங்கியது.
எட்டாவது இல்லை, மூன்றாவது.
பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டு
இரண்டு இரண்டு படியாக ஏறினேன்.