விலக்கியவை முப்பத்தெட்டு

வலை என்று எழுதக் கூடாது என்று
முதலிலேயே தீர்மானித்துவிட்டேன்.
மண்டபத்தில் உட்கார்ந்து கட்டுரை தேடுகிறவள்
வலை, கண்ணி, மீன் என்று தொடங்கினால்
ஜுலைகா சிரிப்பாள்.
அவள் கீழக்கரையில், மாடி அறையில்,
நான் படிக்கும் அதே மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டைத்
தனியாகப் படிக்கிறாள்.
விதி அப்படி. இருவர் தீர்ப்பு,
ஒருவருடையது மற்றவருக்குத் தெரியக் கூடாது.
மென்பொருள் நடுவில் திரை கட்டியிருக்கிறது.

கேள்வி ஒன்றுதான்:
பாசி எடுக்கும் பெண்களின் கையை, கண்ணை, காதை
கடல் என்ன செய்கிறது?
உலகம் எழுதியதையெல்லாம் கொண்டு வா என்றோம்.
கொண்டு வந்தது.
கப்பலின் அடிவயிற்றில் ஒட்டும் பாசி,
ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் பாசி,
பெண்களின் கைகள் மிருதுவாகப்
பாசிச் சாறு கலந்த களிம்பு:
அது மட்டும் நூற்றுப் பதினேழு.
விலக்கு. விலக்கு. விலக்கு.

அதற்கும் முன்னால் இரட்டைகளைக் களைந்தது.
மன்னார் வளைகுடாவுக்கு நான்கு எழுத்துக்கூட்டல்,
முன்னும் பின்னும் தாவும் தலைப்பெழுத்துகள்.
ஐந்நூற்று நாற்பத்தொன்று போயின.
ஒரு சோடியில் மட்டும் தயங்கி
இவை இரண்டும் ஒன்றா என்று என்னைக் கேட்டது.
ஒரே தலைப்பு, ஒரே ஆண்டு, ஒரே பக்கங்கள்.
ஒன்றில் மட்டும்
இரண்டாவதாக ஒரு பெண்ணின் பெயர்.
ஒன்றுதான் என்று அழுத்தி
பெயர் இருந்ததை வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் அது என்னைக் கற்றுக்கொண்டது.
நான் தள்ளுவதைப் போன்றவற்றை
என்னைக் கேட்காமலே அடியில் தள்ளியது.
பிறகு, மிகவும் மரியாதையாக:
மீதம் தொள்ளாயிரத்து நான்கு.
பொருத்தமானது இருக்க வாய்ப்பு
நூற்றில் ஒன்றுக்கும் கீழே. நிறுத்தலாம்.

நிறுத்தியிருப்பேன்.
கச்சான் காற்றில் கரண்ட் போனது.
மடிக்கணினியில் நாற்பது நிமிட உயிர்.
வேறு வேலை இல்லாமல்
அடியிலிருந்து மேலே ஏறினேன்.

கடைசி எண், 2871. சுருக்கம் இல்லை.
இருக்கட்டும் என்ற பொத்தானை அழுத்திவிட்டு
முழுப் பிரதியைத் திறந்தேன்.
சாய்வாக நகலெடுத்த இரண்டு பக்கம்,
ஓரத்தில் யாருடைய கட்டைவிரல் நிழலோ.
ஏதோ ஒரு டாக்டர். ஓர் அட்டவணை. பதினான்கு வரி.
மு. கா., 34, வலது சுட்டுவிரல், நகம் இல்லை.
சே. ரா., 19, இடது காது, சீழ்.
ம. நா., 41, பத்து விரலும்.

அவ்வளவுதான்.
கஞ்சிப்பாசியா மரிக்கொழுந்தா,
எந்தத் தீவு, எத்தனை பாகம் ஆழம்,
விரலில் துணி சுற்றியிருந்தாளா,
எதுவும் இல்லை.

திரையை எடுத்த அன்று
முழுப் பிரதிகள் நாற்பத்தைந்தில்
ஆறில் நாங்கள் முரண்பட்டிருந்தோம்.
ஐந்து, தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.
ஆறாவதில் அவள்: சேர். நான்: விலக்கு.

"பத்து விரலும்னு எழுதியிருக்கு.
அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"
"ஒப்பிட ஒரு குழு வேணும், ஜுலைகா."
"யாரோட ஒப்பிட?
களிம்பு பூசுற கையோடவா?"

போனில் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
அவள் பக்கத்துக் காற்றா என் பக்கத்ததா தெரியவில்லை.

மூன்றாமவர் முனைவர் பூவலிங்கம்
என் பக்கம் நின்றார்.
ஜெயித்த மாதிரி இல்லை.
காரணப் பட்டியலில் நான்காவதைத் தேர்ந்தேன்:
ஆய்வு வடிவம் பொருந்தவில்லை.

கட்டங்களும் அம்புகளும் வரைந்து தந்தது மென்பொருள்.
நாற்பத்தைந்தில் முப்பத்தெட்டு போக ஏழு.
கையால் கூட்டிப் பார்த்தேன், சரி.
போனவை வலப்பக்கக் கட்டத்தில்,
எண்ணாக.

ஒவ்வொரு பதிவுக்கும் கீழே
ஒரு குறிப்புப் பெட்டி உண்டு. யாரும் நிரப்புவதில்லை.
2871-இன் பெட்டியில்
பதினான்கு வரியையும் தட்டினேன்,
வயது, விரல், காது, வரிசை மாறாமல்.
அது எந்தப் பத்திரிகையிலும் அச்சாகாது.

ஏற்றுமதி செய்யும்போது
குறிப்புகளையும் சேர்க்கவா என்று கேட்டது.
சேர்.
கோப்பு இரண்டு கிலோபைட் கனத்தது.