முந்நூறு டாலர் நாணயம்

மேசைமேல் மூன்று உறைகள்.
மூன்றும் என்னை
"அன்புள்ள வில்மா சாபோ" என்கின்றன.
இந்த வருடம் வேறு யாரும் அப்படி அழைக்கவில்லை.

முதல் உறையில் பொன்னிற அட்டையின் படம்.
அடியில் எறும்பு எழுத்தில்
ஆண்டுக் கட்டணம் எழுபத்தைந்து,
மாதாமாதம் பராமரிப்புக்கு ஆறேகால்.
எதைப் பராமரிப்பார்கள்?
பிளாஸ்டிக்குக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்களோ?

இரண்டாவது சோபாக் கடை அட்டை.
அந்தக் கடையைத் தவிர எங்கும் செல்லாது.
சோபாவை வாங்கி எங்கே போட,
வீடே இல்லாமல்?

மூன்றாவது கடன் சங்கத்திலிருந்து.
முந்நூறு டாலரை நான் முதலில் கட்டவேண்டும்.
அதே முந்நூறு வரை அவர்கள் எனக்குக் கடன் தருவார்கள்.
இரண்டு முறை வாசித்தேன்.
என் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு
நான் திருப்பித் தருகிறேனா என்று பார்ப்பார்களாம்.
எம்மெட் மூன்று வயதில் இப்படித்தான்
என் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கி
எனக்கே நீட்டி
"நன்றி சொல்லு" என்பான்.

நன்றி சொன்னேன்.
கையெழுத்துப் போட்டேன்.

*

ஐந்நூற்று நாற்பத்தொன்று.
அதுதான் நான்.
ரஸ் வாங்கிய படகு மோட்டார் என் பெயரில்.
எம்மெட்டின் குடல்வால் அறுவை என் பெயரில்.
ரஸ் போனான், பெயர் மட்டும் இருந்தது.
பதினோரு வருடமாக டோலிடோவில்
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
ஏரிக் காற்று பனியை வாரி அடிக்கும் காலையிலும்
ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்ததில்லை.
அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.
ஒரு மாதமும் தவறாமல் கொடுத்த வாடகையும்.

நாஜ்லா ஹதாத், மூன்றாம் மேசை,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னாள்:
"அறுநூற்று நாற்பதோடு வா,
வீட்டைப் பற்றி அப்போது பேசலாம்.
முப்பது டாலருக்குமேல் தொடாதே.
தொட்டதைத் தேதிக்கு முன்னால் கட்டு.
வேறெங்கும் விண்ணப்பம் போடாதே.
கல்லாவில் யாராவது பத்து சதவீதம் தள்ளுபடி என்று சிரித்தால்
நீயும் சிரித்துவிட்டு நட."

மாதம் ஒரு முறை பெட்ரோல்,
இருபத்தெட்டு டாலர்.
மற்ற நாளெல்லாம் அட்டை
பழைய பனிக்காலணிக்குள், இடது காலில்.

*

பிப்ரவரியில் ஆல்டர்னேட்டர் செத்தது.
இருநூற்று நாற்பத்தாறு.
கராஜ்காரர் கையைத் துடைத்தபடி நின்றார்.
காலை நாலரைக்கு டிப்போவில் இருக்கவேண்டும்,
அந்நேரம் நகரப் பேருந்து கிடையாது.
காலணியைக் கவிழ்த்தேன்.

முப்பத்தொரு புள்ளி சரிந்தது.
எட்டு மாதம் எறும்பாய்ச் சேர்த்தது.
நாஜ்லாவின் எதிரில் உட்கார்ந்து
பள்ளியில் முட்டை வாங்கிய பிள்ளைபோல
மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"கட்டிவிட்டாயா?"
"நேற்று கடைசித் தவணை."
"அப்படியானால் விடு.
தவறவிட்ட தவணையை அது ஏழு வருடம் மறக்காது.
இதற்கு மட்டும் ஞாபகம் கிடையாது.
கட்டினால் அடுத்த மாதமே மறந்துவிடும்."

வெளியே வந்து காருக்குள் கொஞ்ச நேரம் அழுதேன்.
மறக்கத் தெரிந்த ஒன்றை
ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தித்ததால் இருக்கலாம்.

*

விப்பிள் தெரு, என் தடத்தில் ஒன்பதாவது நிறுத்தம்.
நீலக் கதவு. ஒரு பக்கம் சாய்ந்த முகப்பு.
விற்பனைப் பலகையைப் பிடுங்குவார்கள், நெஞ்சு படபடக்கும்.
மறுபடி நடுவார்கள்.
கூரையில் ஏதோ கோளாறு என்று கேள்வி.
கோளாறு இருக்கட்டும்,
எனக்கும்தான் இருக்கிறது.

நேற்று வந்த தாளில்
அறுநூற்று முப்பத்தேழு.

எம்மெட் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான்.
"எத்தனைக்கு?"
"எண்ணூற்றைம்பதுக்கு."
விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டான்.
"அப்போ பாஸ்தானேம்மா?"

இன்னும் மூன்று வேண்டும் என்று சொல்லவில்லை.
பங்க்கில் நிற்கிறேன்.
இருபத்தேழு தொண்ணூறு, தொண்ணூற்றைந்து,
விரலைத் தளர்த்தித் தளர்த்தி
சொட்டுச் சொட்டாக
இருபத்தெட்டு.
பின்னால் ஒருவர் ஹார்ன் அடிக்கிறார்.
அடிக்கட்டும்.