துரை பேரில் பற்று

நேமத்தான்பட்டி வீட்டில் பங்கு பிரித்த மறுநாள்
காரைக்குடியில் என் கடை வாசலில்
ஒன்பது சாக்கு வந்து இறங்கியது.
பீங்கான் சாடி, எனாமல் கேரியர், பெல்ஜியம் கண்ணாடியில் பாதி,
தலையாட்டும் பொம்மைக்கு உடல் மட்டும்.
எட்டாவது சாக்கில் பர்மாப் பேரேடு.
அதன் வயிற்றுக்குள்
கரையான் விட்டுவைத்த ஓர் இங்கிலீஷ் நாவல்.

எழுதியவர் ஹியூபர்ட் டன்ஸ்டன்.
ஏழு நாவல், இரண்டு முறை மலேரியா,
மரக் கம்பெனி வேலை போன பின் ஊர் ஊராகக் கடன்,
கடைசியில் ஏதோ கடற்கரை விடுதியில் தனிச் சாவு.
இவ்வளவும் மார்கரி சொன்னது.
அவருடைய வாழ்க்கையை எழுத வந்திருந்தாள்.
தமிழ் எண் அவளுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும், கடை தந்த படிப்பு.

உ போட்டு, சிவமயம் எழுதி,
விபவ வருஷம் ஆடி பதினொன்று, மோல்மேன் கடை:
"டன்ஸ்டன் துரை பேரில் பற்று ரூபாய் ௬௱௫௰.
வட்டி நூற்றுக்கு ஒன்றே கால்.
அடகு, எழுத்தடிக்கிற மிஷின் ஒன்று.
துரைக்கு எழுத்து வேலை இருப்பதால்
மிஷின் துரையிடமே விட்டிருக்கிறது."

கடைசி வரியை இன்னொரு தரம் கேட்டாள்.
படித்தேன்.
அடகுப் பொருளை ஆளிடமே விட்டவரை
இந்தத் தெருவில் நானும் கண்டதில்லை.
கீழே கையெழுத்து: பெத்தாச்சி.

பிறகு நாவலைத் திறந்து அவள் எனக்குப் படித்தாள்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
பெட்டாச்சி என்று ஒருவன்.
நாற்காலி கொள்ளாத தொப்பை,
எண்ணெய் வழியும் மூன்று மடிப்புக் கழுத்து.
வெள்ளம் நெல்லைக் கொண்டுபோன குடியானவனின்
மாட்டுக்கு விலை சொல்லிக்கொண்டே வெற்றிலை மெல்லுகிறான்.
நாவல் முடியுமுன் ஆற்றில் விழுகிறான்.
தங்க அரைஞாண் அவனை மேலே வர விடவில்லை.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறார் மனுஷன்.
அந்தக் குடியானவனுக்காக எனக்குத் தொண்டை அடைத்தது.
இதையும் சொல்ல வேண்டும்:
பேரேட்டில் அடுத்த அறுபது பக்கம்
மாங் தின், கோ போ, மா ச்சே
என்று ஒவ்வொரு பேராக
வயல் இந்தப் பக்கம் வந்துகொண்டே இருக்கிறது.

பக்கத்தின் ஓரத்தில் பென்சில் எழுத்து.
பள்ளிக்கூடத்து முத்து எழுத்து, மகனாக இருக்கலாம்.
தேவகோட்டையில் இங்கிலீஷ் படித்தவனாகவும் இருக்கலாம்.
"அப்பச்சி ஒல்லி."
அவ்வளவுதான்.
வயலைப் பற்றி அவன் ஒன்றும் எழுதவில்லை.

ஆங்கிரச வருஷம் மாசியில் இன்னொரு வரி:
"சீமையிலிருந்து துரை வரவு ரூபாய் ௪௰.
கூடவே புத்தகம் ஒன்று.
புத்தகத்துக்கு மதிப்புப் போடவில்லை."

"அவரே அனுப்பினாரா?" என்றாள் மார்கரி,
பேனாவைக் கீழே வைத்துவிட்டு.
வெட்கம் கெட்டவரா, நாணயக்காரரா,
அல்லது செட்டியாருக்கு இங்கிலீஷ் வராது என்ற தைரியமா.
இரண்டு டீ ஆறும்வரை பேசினோம், முடியவில்லை.
ஒருவரைத் தின்று கொழுத்த எழுத்து
அவருக்கே நாற்பது ரூபாய் கட்டியிருக்கிறது.
மீதியை யாரும் கேட்டதாகக் கணக்கில் இல்லை.

பேரேட்டுக்கும் புத்தகத்துக்கும் சேர்த்து விலை சொன்னேன்.
இருநூறு குறைக்கச் சொன்னாள், ஐம்பது குறைத்தேன்.
"உங்கள் ஊர் நூலகத்தில்
பென்சில் கறையை அழிப்பார்களா?" என்று கேட்டேன்.
மாட்டார்கள் என்றாள். பார்க்கலாம்.

கார் கிளம்பிய பிறகுதான் உறைத்தது,
அடகு மீண்டதாக எங்கும் எழுதவில்லை.
கணக்குப்படி பார்த்தால்
பெட்டாச்சியை அடித்து எடுத்த அந்த மிஷின்
இன்றைக்கும் நேமத்தான்பட்டி வீட்டுச் சொத்து.
பங்காளிகள் ஏழு பேருக்கும் நான் சொல்லவில்லை.
சொன்னால் அதற்கும் ஒரு கேஸ் போடுவார்கள்.