பின்கதவுக் கொக்கி

க்ரோனிங்கனில் நவம்பர் என்றால்
ஊர் முழுக்க வெந்த பீட்கிழங்கு வாடை.
சர்க்கரை ஆலைக்கு இரவு கிடையாது.
சன்னலைச் சாத்தினாலும்
ஆய்வகத்துக்குள் நுழைந்து
வெள்ளை அங்கியில் ஏறி
வீடு வரை கூடவே வரும் அந்த இனிப்பு.

நாற்பத்தொன்று. அவருக்கு என்னிடமிருந்த பெயர் அவ்வளவே.
வால்வு தைத்த மேசையிலிருந்து
பனிக்கட்டிப் பெட்டியில் வந்த துணுக்கு.
இதயத்துக்கும் காது உண்டு,
மேலறையின் ஓரத்தில் மடங்கிக் கிடக்கும்;
அதன் நுனியில் நகக்கண் அளவு.
குழாய்களில் அடைப்பில்லை என்றது அறிக்கை.
அழுத்தம் அளவோடு.
பதினேழு ஆண்டுச் சர்க்கரை மட்டும்.
தசையோ, நனைந்து காய்ந்த தோல்வார்.
விரியச் சொன்னால் விறைத்தது.

செல்களைப் பிரித்தேன்.
இருட்டறை. பச்சைச் சாயம்.
ஒரு துடிப்புக்கு ஒரு வெளிச்சம், பிறகு இருள்:
அதுதான் ஒழுங்கு.
நாற்பத்தொன்று இருளவில்லை.
கிடங்கிலிருந்து கால்சியம் கசிந்து
இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொறி.
யாரும் அழைக்காமல் ஒரு துடிப்பு
முண்டியடித்துக்கொண்டு வந்தது,
பிறகு இன்னொன்று.

மார்ச்சில் நேரிலேயே வந்தார்.
ரெய்ன்ட் வியர்ஸ்மா, பீட் லாரி, முப்பத்தோரு ஆண்டு.
"என்னோடதைப் பாக்கணும்னு
அந்தப் படிவத்துலயே எழுதியிருந்தேனே."
எழுதித்தான் இருந்தார். பெட்டிக்கு வெளியே, கோணலாக.

பதிவை ஓடவிட்டேன். சொன்னேன்:
ஒரு நொதி, பன்னிரண்டு கைகள்.
கால்சியம் வந்து தட்டினால் விழிக்கும்,
கிடங்குக் கதவைத் திறக்க உதவும்,
கால்சியம் போனதும் மடங்கித் தூங்கும்.
ரத்தத்தில் சர்க்கரை மிஞ்சினால்
அதன் கீலில் ஒரு துளி ஒட்டிக்கொள்கிறது.
அப்புறம் மடங்க முடிவதில்லை.
தட்டியவர் போய் வெகுநேரம் ஆகியும்
விழித்தபடியே கதவை நோண்டுகிறது.
நாளடைவில் தசை நார்களும் கெட்டியாகின்றன.

அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார்.
"இது பின்கதவுக் கொக்கி."
"என்ன?"
"உடைஞ்ச கிழங்குச் சாறும் சேறும்
கொக்கியில காஞ்சுடும். பனிவேற.
மூடின மாதிரிதான் தெரியும். மூடியிருக்காது.
ஒவ்வொரு மேட்டுலயும் ஒண்ணு விழும்.
பின்னால சைக்கிள்ல வர்றவங்க திட்டுவாங்க.
எடைமேடையில இருநூறு கிலோ குறையும்,
திருடினது யாருமில்ல."

இருபது பக்கக் கட்டுரை வைத்திருந்தேன்.
அதில் சைக்கிள்காரர்கள் இல்லை.

"எங்கிட்ட ஒரு குச்சியும் சுடுதண்ணிக் கெட்டிலும் இருக்கு.
உங்ககிட்ட?"

அடுத்த பதிவைக் காட்டினேன்.
மருந்துத் துளி விழுகிறது;
பொறிகள் ஒவ்வொன்றாய் அடங்குகின்றன;
ஒரு துடிப்பு, ஒரு வெளிச்சம், இருள்.
அவர் எழுந்தே விட்டார்.
உட்காரச் சொன்னேன். இது கிண்ணத்தில்தான்.
இதே நொதிதான் மூளையில்
பார்த்ததை மறக்காமல் பிடித்துவைக்கிறது.
மொத்தமாய் அணைத்தால் என்னவெல்லாம் அணையுமோ.
"ஆமா," என்றார், "கொக்கியையே பிடுங்கிட்டா
லோடு ஏத்தறது எப்படி?"
காலணிச் சேறு தரையில் உதிர்ந்திருந்தது.
குனிந்து கையால் அள்ளப் போனார், தடுத்தேன்.

வாசலில் நின்று கேட்டார்:
"அந்தத் துண்டு இப்ப எங்க?"
மஞ்சள் தொட்டியில், அன்று இரவே.
சொல்லத்தான் வேண்டியிருந்தது.
"எதுவரைக்கும் துடிச்சுது?"
குறிப்பேட்டைப் புரட்டினேன்.
கடைசிச் செல், மாலை ஆறே முக்கால்.

மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.
"நான் கண்ணு முழிச்சது ஏழு மணிக்கு.
நர்ஸ் சொன்னாங்க."

காரிடார் விளக்கு ஆள் அசையாததால் அணைந்தது.
கொஞ்ச நேரம்
இருவரும் அசையவில்லை.