கடைசி எழுத்து

எங்கள் டீமுக்கு ஐந்து பெயர்.
முதல் இரண்டும் நான் பிறக்குமுன்:
உப்புச் சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து
வெள்ளைப் புருவத்தோடு ஏறிவந்த
ஒன்பது பேர், கேன்சஸ் வெயில்,
இரவல் மட்டை ஒன்று.
சுரங்கத்தில் தண்ணீர் புகுந்ததும்
மாவு மில்காரர் வாங்கினார். மில்லர்கள் ஆனார்கள்.
போர் வந்தது. பெயர் இருந்தது, ஆட ஆளில்லை.

கழுகுகள் காலத்தில்தான் நான் ஊசியோடு சேர்ந்தேன்.
பெரிய டீமொன்று தத்தெடுத்து
ஏழாம் வருஷம் கைகழுவியது.
பிறகு வெட்டுக்கிளிகள்,
பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு வைத்தது.
கடைசியில் சூறாவளிகள்.
அந்த வருஷமே நிஜச் சூறாவளி
ஸ்கோர் பலகையைக் கொண்டுபோய்
யாருடைய சோளக்கொல்லையிலோ போட்டது.

மேலே போனவர் ஒரே ஒருவர்,
டெல்மர் வோபார்னிக்.
ஒரு சாயங்காலம், ஒன்பதாவது இன்னிங்ஸ்,
வலது மூலை. பந்து அந்தப் பக்கம் வரவேயில்லை.
திரும்பி வந்து நாற்பது வருஷம்
ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்தார்.
கேட்டால், "புல் நன்றாயிருந்தது" என்பார்.

டிசம்பரில் கடிதம் வந்தது:
லீக்கில் டீம்கள் அதிகமாம்.
நாற்காலிகள் ஏலம் போயின,
சூறாவளிப் பொம்மையின் தலைகூட.

பெயர் மாறும்போதெல்லாம்
சட்டையில் எழுத்துகளைப் பிரித்தது நான்.
எல்லாப் பெயருக்கும் இறுதியில் எஸ் என்பதால்
அதை மட்டும் எறிந்ததில்லை.
பிஸ்கட் டப்பாவில் இருபத்துமூன்று இருக்கின்றன.
ஆளில்லா மைதானத்துக்கு
இத்தனை பன்மை.

அடுத்த பெயர் முடிவானால் சொல்லுங்கள்.
கடைசி எழுத்து தயார்.