குனியும்போது பார்க்கணும்

காளவாசல் தாண்டி பைபாஸில் ரவூப் கடை.
என் வெள்ளை வண்டியை ஏற்றி நிறுத்தியதும்
டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்து
விலை கேட்டார்கள்.
பாதியாகச் சொன்னேன்.
அதற்கே ஒருவர் நெஞ்சில் கை வைத்தார்.

கல்லாமை காய்த்துக் கொட்டிய வருஷத்தில் வாங்கியது.
மரத்தை அண்ணாந்து பார்த்தே
எத்தனை டன் என்று சொல்கிறவன் நான்.
நத்தம், பாலமேடு, அழகர்மலை அடிவாரம்,
பூவிலேயே பேசி முடித்துவிடுவேன்.
தோப்புக்குள் போகிற பாதையிடம் மட்டும்
என் பேச்சு எடுபடவில்லை.
மாசியில் ஒரு டயர். பங்குனியில் ஒன்று.
இரண்டும் பக்கவாட்டில் கிழிந்தன.
கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்தது
பட்டுச்சேலைக் கரை மாதிரி,
மெலிசு, மினுமினுப்பு,
கல்யாண மண்டபம் வரைக்கும் தாங்கும்.

"பெருசா போடு" என்றேன் ரவூப்பிடம்.
"எதையும் வெட்டக் கூடாது, தூக்கக் கூடாது.
வாரண்டி இன்னும் பதினாலு மாசம் கிடக்கு."

ஒச்சப்பன் மூன்று அளவுகளை உருட்டி வந்தான்.
கருமாத்தூர்ப் பையன், காதில் சாக்பீஸ்.
முரட்டுப் பல்லோடு நின்ற பெரியதில்
போய் விழுந்தது என் மனசு.
மாட்டினான். டயரின் தோளெல்லாம்
வெள்ளை பூசினான்.
"முழுசா இடது ஒடிங்கண்ணே. இப்ப வலது."
ஒடித்தேன். சத்தமே இல்லை.
"பாத்தியா" என்றேன், நானே செய்த டயர்போல.
டீக்கடை ஆட்களும் தலையாட்டினார்கள்.

"இப்ப வண்டிய இறக்குங்க."

சொல்ல மறந்தேன், காற்றுப்பையில் நிற்கிற வண்டி அது.
பொத்தானை அமுக்கினால்
பெருமூச்சு விட்டு மூன்று விரல் தாழும்,
சோலையம்மாள் சேலையைத் தூக்கிப் பிடிக்காமல் ஏற.
(ரெண்டு தடவைதான் ஏறினாள்.
ஏசி குளிர் பல்லுக்கு ஆகவில்லையாம்.)

"நிமிந்து நிக்கையில எல்லாம் பொருந்தும்ணே.
குனியும்போது பாக்கணும்."

கிர்ர்ர் என்றது.
சக்கர வளைவின் உள்ளே
சாக்பீஸில் ஒரு பிறை விழுந்திருந்தது.

"கொஞ்சூண்டு பிளாஸ்டிக்தான், சீவிரலாம்" என்றார் ரவூப்.
நான் வேண்டாம் என்பதற்குள்
ஒச்சப்பன் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.
அடுத்த அளவும் வளைவைத் தொட்டது,
ஊசிமுனை அளவு.
மூன்றாவது, இருந்ததில் சின்னது,
குனிந்தும் ஒடித்தும் உரசவில்லை.
இடைவெளியில் சுண்டுவிரல் போனது.
கட்டைவிரல் போகவில்லை.

"இதுல எனக்கு எவ்வளவு மிச்சம்?"
ரவூப் கால்குலேட்டரைத் தட்டினார்.
"தரையிலேர்ந்து அரை இஞ்ச்.
பக்கச் சுவரும் அரை இஞ்ச் கனம்.
மீட்டர் அறுபதுன்னா
அறுபத்திரண்டுல போறீங்கன்னு வச்சுக்கங்க.
ஸ்டெப்னி பழசேதான். புதுசு அந்தக் குழிக்குள்ள உக்காராது."

நாலு டயர், நாள் பூராவும், இவ்வளவு ரூபாய்க்கு
அரை இஞ்ச்.
பணத்தை எண்ணும்போது ஏனோ
என் நோட்டு ஞாபகம் வந்தது.
கூடைக்கு ரெண்டு கிலோ கழிவு என்று
இருபது வருஷமாய் எழுதி வருகிறேன்.
அது கூடையின் எடை இல்லை.
எந்தத் தோப்புக்காரரும்
கால்குலேட்டர் கேட்டதில்லை.

மறுநாள் பாலமேடு.
பங்குனியில் கிழித்த அதே கல்,
ஓடைத் திருப்பத்தில்,
எருமைத்தலை மாதிரி அப்படியே கிடந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன்.
டயர் கல்லின்மேல் கொஞ்சம் அமுங்கி,
யோசித்து,
இறங்கியது.
அடியில் எதுவும் இடிக்கவில்லை.
ஒரு தடவை, ஒரு கல். அவ்வளவுதான் சொல்லலாம்.

தோப்பு வாசலில் வெள்ளைக்கண்ணு
துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.
இறங்கினேன்.
பின்னால் வண்டி மூச்சு விட்டுத் தாழ்ந்தது.

"இந்த வருஷம் என்ன போடுறீங்க?" என்றார்.
மரத்தைப் பார்த்தேன். எண்ணிக்கை ஓடவில்லை.
சக்கர வளைவுப் பக்கமே
இருந்தது என் காது.