விலாவுக்கு எடுத்த படம்

கோட்டை வாசலில் மான் குறுக்கே பாய்ந்தது.
பிரேக் பிடித்தேன்; ஸ்கூட்டி என்மேல் படுத்தது.
மானுக்கு ஒன்றுமில்லை.
எனக்கு இடப்பக்கம், மூச்செடுக்க விடாத வலி.

விலாவுக்குத்தான் சிடி எடுத்தார்கள்.
ரிப்போர்ட்டில் பன்னிரண்டு வரி.
எலும்பு முறிவில்லை. நுரையீரல் தெளிவு.
இதயம் வழமையான அளவு என்பதை
இரண்டு தரம் வாசித்துச் சந்தோசப்பட்டேன்.
கடைசி வரியில்,
புறப்பட்ட பஸ்ஸில் ஓடிவந்து தொற்றுகிறவள் மாதிரி,
மார்பில் ஒன்பது மில்லிமீற்றர்,
தற்செயலாகக் காணப்பட்டது.
வலது மார்பில்.

நான் விழுந்தது இடப்பக்கமல்லவா?

"அனேகமா ஒண்டுமா இராது,
எண்டாலும் பாப்பம்" என்றார் டொக்டர் நிறோஜினி.
அந்த 'எண்டாலும்' உப்புவெளி வரைக்கும்
ஓட்டோவில் என் பக்கத்தில் இருந்து வந்தது.

யோகேந்திரனிடம் விலாவை மட்டும் சொன்னேன்.
எண்ணெய் தடவிவிட்டார்,
இடப்பக்கம்.

குளிக்கும்போது விரலால் தேடினேன்.
சவர்க்காரம் வழுக்கியது, அது அகப்படவில்லை.
எத்தனை நாளாய் என்னோடு கந்தோருக்கு வந்து
முத்திரை குத்தி, சில்லறை எண்ணி,
சாப்பாட்டுப் பெட்டி திறந்திருக்கும்?

புதன்கிழமை ஊசி குத்தி எடுத்தார்கள்.
முடிவுக்குப் பத்து நாள்.

இன்று பஸ் நிலையத்தில்
அதே மானோ, வேறோ,
யாரோ எறிந்த லஞ்ச் சீற்றை மென்றபடி நின்றது.
ஏசத்தான் கிட்டப் போனேன்.
வாயில் பாதிச் சீற் தொங்க
என் கைப்பையை முகர்ந்தது.
உள்ளே ரிப்போர்ட்.

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.
"இதைத் தின்னாதை" என்றேன்,
"வியாழன் காட்ட வேணும்."